வேலி தாண்டிய அம்பு

மாமா பட்டாளத்திலிருந்து வந்து இறங்கிய அன்று அப்பா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "லீவுல வந்திருக்கியா, இல்ல மொத்தமாவே வந்துட்டியா மாப்ள?" என்பது. மாமா பதில் சொல்லாமல் சிரித்தார். அப்பாவுக்குச் சிரிப்பெல்லாம் பதிலில் சேராது. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரர். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்ட பிறகும் கேள்விகளை மட்டும் கழற்ற மாட்டார். அம்மா சுந்தரபாண்டியம் போய்த் தாமதமாகத் திரும்பினால் எந்த பஸ், யார் கூட வந்தார்கள், நடுவில் எங்கே இறங்கினாய் என்று வரிசையாக வரும். கோபமாகக் கேட்க மாட்டார்; மோரைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பார். அம்மாவும் சாதாரணமாகப் பதில் சொல்வாள். எல்லா வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் மகாராஜபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த எங்கள் தென்னந்தோப்பிலேயே குடியிருந்தோம். நான் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. வந்த சில நாளிலேயே வில் செய்ய ஆரம்பித்துவிட்டார். நாட்டின் வடகிழக்கு மலைப்பக்கம் வேலை பார்த்தபோது, அங்கே முகாமுக்கு மூட்டை சுமக்க வந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டாராம். அந்த ஊர்க்காரர்கள் வேட்டைக்குப் போனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, மிருகத்துக்கு ஆள் வாடை போகாத பக்கமாக உட்காருவார்கள், இருமல் வந்தால்கூட விழுங்கிவிடுவார்கள் என்று சாப்பிடும்போது சொன்னார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இங்க எதுக்கு வில்லு?"

"கோயில்ல அம்பு போடுத திருவிழாவுக்குக் கேட்டிருக்காவ மச்சான்."

"அது புரட்டாசியிலல்லா வரும்? இப்ப சித்திரைதான நடக்கு."

மாமா அதற்கும் சிரித்தார்.

அப்பாவின் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பக்கமெல்லாம் காட்டுப்பன்றித் தொல்லை. புதிதாக வைத்த தென்னங்கன்றைக் குருத்தோடு புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். யாராவது ஒன்றைச் சாய்த்தால் தேவலை என்று எல்லோரும் மனதுக்குள் நினைத்தார்கள். ஆனால் கை வைத்தால் பாரஸ்ட்காரர்கள் கேஸ் போடுவார்கள். அதுவும் போலீஸ்காரர் வீட்டு ஆள் என்றால் அப்பாவின் வேலையே ஆட்டம் கண்டுவிடும்.

"உன் மாமன் எங்க போறான், எப்ப வாரான்னு செத்த கண்ணு வச்சுக்கோ ஏட்டி" என்று அப்பா என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாமா விடிந்ததும் அரிவாளோடு ஓடைப் பக்கம் போய்ச் சாக்கு மூட்டையோடு திரும்புவார். அவர் குளிக்கப் போன நேரத்தில் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். ரத்தம் எதுவும் இல்லை. மூங்கிலும் மருள் கற்றாழையும்தான் இருந்தன. நடுவில் ஓட்டையில்லாத கெட்டி மூங்கிலைப் பிளந்து, அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் காயப்போட்டார். பிறகு உடைந்த கண்ணாடித் துண்டால் சீவினார். கொஞ்சம் சீவுவார், நாணைக் கட்டி இழுத்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுபோல வளைய வேண்டுமாம். மருளைக் கல்லில் தட்டி நார் எடுத்து, தொடையில் வைத்துத் திரித்தது நாண். கண்மாய்க் கரை நாணலில் அம்பு. குடைக் கம்பியைத் தீட்டி அதற்கு முனை. அம்பின் வால்பக்கம் எங்கள் வான்கோழி உதிர்த்த இறகைப் பிளந்து ஒட்டி நூல் சுற்றினார். இறகு எதற்கு என்றேன். "இது இல்லாட்டி அம்பு குடிகாரன் மாதிரில்லா போகும்" என்றார்.

எல்லாவற்றையும் அப்பாவிடம் ஒப்பித்தேன்.

"எத்தன வில்லு?"

"ரெண்டு."

"ஒரு ஆளுக்கு ரெண்டு எதுக்கு?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. அதன் பிறகு மாமா தும்மினால்கூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனால் லீவு என்றும் பாராமல் மத்தியானத்தில் அம்மா என்னை டியூஷனுக்கு அனுப்பிவிடுவாள். அந்த நேரத்தில் மாமா என்ன செய்கிறார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒருநாள் காலையில் அம்மா ஈரக் கையோடு நீளமான ஜாக்கெட் கையை மேலே இழுத்துவிட்டபோதுதான் பார்த்தேன். இடது முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக, கத்தரிக்காய் நிறத்தில் நீளமாகக் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு, "பம்புசெட் கதவு இடிச்சிருச்சு" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கூடப் படித்த ஒருத்தியின் அம்மாவுக்கும் இப்படித்தான் அடிக்கடி கதவு இடிக்கும். அது எந்தக் கதவு என்று அவள் ஒருநாள் அழுதுகொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்றிலிருந்து மாமாவை விட்டுவிட்டு அப்பாவைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தால் ஓடிப்போய் அம்மா பக்கத்தில் நின்றுகொள்வேன். மாமாவைப் பற்றிக் கேட்டால், "சும்மா தூங்குதாரு" என்பேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். நானும் அவரை அப்படியே பார்ப்பேன். அந்தப் பழைய கன்றல் மஞ்சளாக மாறும்போது பக்கத்திலேயே புதிதாக ஒன்று வந்திருந்தது. ராத்திரி எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லையே, எப்போது அடித்திருப்பார் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தோப்புக்காரர் கையில் ஓர் அம்போடு வந்து நின்றார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் இரண்டு மொழியும் கலந்து வரும்.

"தேவுடா, இத எங்க இருந்து எடுத்தேன்னு கேளுங்க! என் வெள்ளாட்டுத் தொடையில இருந்து. நல்லவேள, தோலோட போச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல வான்கோழி வளக்கறது உங்க வீடு மட்டுந்தான். இன்னைக்கு ஆடு, நாளைக்கு மான். நான் பாரஸ்ட் ஆபீசுக்குப் போறேன்."

அப்பா அம்பை வாங்கி இறகைத் தடவினார். முகம் இறுகிவிட்டது. மாமாவைக் கூப்பிட்டார்.

"நாந்தான் மச்சான். கை தவறிருச்சு" என்றார் மாமா, கேட்பதற்கு முன்பாகவே.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். அப்பா உள்ளே போய் மாமாவின் அம்புக் கட்டையும் ஒரு வில்லையும் எடுத்து வந்தார். ஆட்டைத் தைத்த அம்பைக் கட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அது மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது.

"இத வச்சு இழு பாப்போம்."

மாமா அம்பை வைத்துப் பாதி இழுத்து நிறுத்தினார்.

"முழுசா இழு."

"முழுசா இழுத்தா முனை என் கையில குத்திரும் மச்சான்."

"அப்ப இது உன் கைக்குச் செஞ்சது இல்ல."

அப்பா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, அம்பை என் நெஞ்சிலிருந்து நீட்டிய கைவரை வைத்துப் பார்த்தார். எனக்கு அது ரொம்ப நீளம்.

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். அவள் கையில் இரண்டாவது வில் இருந்தது. மாமாவுடையதைவிடச் சின்னது. அப்பாவின் கையிலிருந்து அம்பை வாங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, வைக்கோல் படப்பைப் பார்த்து நின்றாள். இழுத்தாள், விட்டாள். அம்பு படப்புக்குள் இறகுவரை புதைந்துபோனது.

தோப்புக்காரர் படப்பையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பிப் போச்சுண்ணே" என்றாள் அம்மா, தோப்புக்காரரிடம். "மத்தியானம் படப்புக்கு விட்டதுதான். வேலி தாண்டிருச்சு. ஆட்டுல பட்டது எனக்குத் தெரியாது."

அவள் கையை இறக்கும்போது ஜாக்கெட் கை சுருண்டு மேலே ஏறியிருந்தது. அப்பாவின் கண் அந்தக் கன்றலில் போய் நின்றது. "இது என்ன?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடிக்கறதையும் அடிச்சுட்டு என்னன்னு வேற கேக்கிய!" என்று கத்தினேன்.

தோப்புக்காரர் தரையைப் பார்த்தார். "நான் பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். பிறகு அவர் வரவும் இல்லை, பாரஸ்ட் ஆபீசுக்குப் போகவும் இல்லை.

அம்மா முதலில் சிரித்தாள். பிறகு தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏட்டி, நாணு அடிச்சது இது. வில்லப் பிடிச்ச கைய சரியாத் திருப்பாட்டி, விடும்போது வந்து சுளீர்னு அடிக்கும்" என்றாள்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அடிச்சேன்னா நெனச்ச?"

நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அன்றைக்கு அதற்குமேல் அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிடும்போதுதான் அம்மாவிடம், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"சொன்னா எதுக்கு, எப்ப இருந்து, யாரு சொல்லிக் குடுத்தான்னு கேப்பிய. எனக்கு ஆசையா இருந்துச்சு, அம்புட்டுத்தான். அதுக்கு நான் என்ன காரணம் சொல்ல?"

மாமா கொஞ்ச நாளில் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பட்டாளத்திலிருந்து ஏன் வந்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவும் மறுபடி கேட்கவில்லை.

மாமா போன அடுத்த வாரம் அப்பா தாமே வைக்கோலைப் பிரி பிரியாகச் சுற்றி, பெரிய வட்டமாகக் கட்டி, நடுவில் சுண்ணாம்பால் பொட்டு வைத்தார். பம்புசெட் சுவரை ஒட்டி அதை நிறுத்தினார். அங்கே என்றால் எந்த ஆட்டுக்கும் ஆபத்தில்லை. பிறகு கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "விடு பாப்போம்" என்றார்.

அம்மா வில்லை எடுத்தாள். அம்பைத் தொடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, இறக்கிவிட்டாள். "பொறவு பாத்துக்கிடலாம்" என்று சொல்லி உள்ளே போனாள்.

"ஏன் ஏட்டி வேண்டாம்ங்கா?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"குறி தப்பிரும்னு பயமா இருக்கும்."

அப்பா அந்தச் சுண்ணாம்புப் பொட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் காக்கிச் சட்டையை மாட்டினார். அன்று அவருக்கு இரவு டியூட்டி. வெயிலே இன்னும் தாழவில்லை. பைக்கைக் கிளப்பிவிட்டு, வீட்டைப் பார்த்துச் சத்தமாக, "நான் கெளம்புதேன், காலையிலதான் வருவேன்" என்றார். பைக் சத்தம் ஓடைப் பாலத்தைத் தாண்டித் தேய்ந்து போனது.

கொஞ்ச நேரத்தில் பம்புசெட் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா அடுத்த அம்பைத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டியூட்டிக்கு இன்னும் எம்புட்டு நேரம் கெடக்கு. அப்பா எதுக்கும்மா கோவிச்சுட்டுப் போறாரு?" என்று கேட்டேன்.

அம்மா நாணைக் கன்னம்வரை இழுத்தபடி சிரித்தாள். அந்த மனுஷர் அவ்வளவு கோபமாகப் போகிறார், இவள் சிரிக்கிறாளே என்று, அன்று எனக்கு அப்பா மேல்தான் இரக்கமாக இருந்தது.