லங்கர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அடுத்த வீட்டுத் தொலைபேசி அடித்தது. பட்டாளத்திலிருந்து மாமா கூப்பிட்டால் அந்த வீட்டுக்குத்தான் வரும். அம்மா ஈரக்கையோடு ஓடினாள். அன்று பேசியது மாமா இல்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், அப்பா சமையல் மாஸ்டராக இருந்த ஹோட்டலிலேயே மாவாட்டிக்கொண்டிருந்தவர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் கிளம்பியபோது அப்பா சிரித்தார்.

"கரண்டி பிடிச்ச கைக்குத் துப்பாக்கி கேக்குதோ மாப்ள?"

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

எல்லையில் சண்டை தொடங்கியதும் அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீ எங்கடா இருக்க?"

"லங்கர்லதான் இருக்கேன்க்கா. பயப்படாத."

லங்கர் என்பது ஓர் ஊர் என்று நாங்கள் நம்பினோம். பள்ளி அட்லஸில் காஷ்மீர் முழுக்க விரலை வைத்துத் தேடினேன், கிடைக்கவில்லை. படத்தில்கூட இல்லாத ஊரில் எவன் வந்து குண்டு போடப்போகிறான் என்று அம்மா தைரியமானாள். செய்தியில் லங்கர் என்ற பெயர் வராத நாளெல்லாம் அவளுக்கு நல்ல நாள்.

மாமாவின் உடல் வந்தபோது, அதுவரை எங்களைப் 'பாண்டி' என்று இளக்காரமாக அழைத்த தெரு "நம்முடெ ஜவான்" என்றது. முக்கில் பெரிய பலகை வைத்தார்கள். மாமாவின் பாஸ்போர்ட் புகைப்பட முகத்துக்குக் கீழே ஓவியர் தானாகவே ஓர் உடம்பையும் ஒரு துப்பாக்கியையும் வரைந்திருந்தார். எங்கள் சந்துக்கு அவர் பெயரை வைப்பதாக மேடையில் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சில நாளில் டீக்கடையில் விவரம் தெரிந்த ஒருவர் சிரித்தார். "லங்கரோ? அது பட்டாளத்து அடுக்களையல்லே. ஆள் அவிடெயும் தோசைதான் சுட்டிருந்தானோ."

அதற்குப் பிறகு சந்துக்குப் பெயர் வைக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒரு காலையில் பலகையும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அப்பா டீக்கடை வாசலில் போய் நின்றார். "ஏம்வே, அந்தக் குண்டு சமையக்காரன்னு பாத்து ஒதுங்கிப் போச்சா?" ஒருவரும் கண்ணாடி டம்ளரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் இதை எழுதுகிறேன். என் மகன் பட்டாளத்தில் சேரப்போகிறேன் என்கிறான். தொலைக்காட்சியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு போர் வேண்டும் என்று கத்துகிறார்கள். யாருடைய பிள்ளையை அனுப்பச் சொல்கிறார்கள்? நாளை அவன் சுமந்தது துப்பாக்கியா அண்டாவா என்று பார்த்துத்தானே துக்கத்தையும் அளந்து கொடுப்பார்கள்?

மாமா போன அந்த வருஷம், மழைக்காலம் ஓய்ந்த பிறகு ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர்; பட்டாளத்தில் மாமாவின் கம்பெனியிலேயே சிப்பாய். அம்மா நாற்காலி போட்டும் உட்காராமல் தரையில் அமர்ந்தார். தலையைக் குனிந்துகொண்டே மலையாளமும் தமிழுமாகப் பேசினார்.

"மலை மேலே எங்களுக்கு நாலு நாளா வெறும் பிஸ்கட்டு, சேச்சி. சோறு கொண்டுபோன்னு ஆரும் ஓர்டர் கொடுக்கல. அண்ணன் தானாத்தான் பாத்திரத்தை முதுகில கெட்டிட்டு ஏறி வந்தாரு. எங்ககிட்ட எத்தறதுக்குக் கொஞ்சம் முன்னால ஷெல் விழுந்தது."

அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பாத்திரம் கிட்டிச்சு. சோறு சூடாத்தான் இருந்துச்சு. நல்ல விசப்பு, சேச்சி. நாங்க அந்தச் சோறு கழிச்சோம்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் அம்மாவின் காலைத் தொட்டார். பசித்தவர்கள் சாப்பிட்டதற்கு எதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று அன்று எனக்குப் புரியவில்லை.