முட்டுக் கொடுத்த புத்தகங்கள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்கிற வேலை அவளுக்கு. வருகிறவர்கள் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். அட்டையில் இருந்த வரிகளெல்லாம் அவள் எழுதிய கதைகளிலிருந்து எடுத்தவை. முதலாளிக்கு இது தெரியாது. பத்திரிகைக்காரர்கள்தான் திரும்பிப் பார்க்கவில்லை, இப்படியாவது நாலு பேர் வாசிக்கட்டுமே என்று செய்த வேலை. வாசித்தார்கள். "நல்லா தெரியுதுங்க" என்று எழுந்து போனார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று ஒரே ஒருத்தர் கேட்டுவிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

வீட்டில் சொல்லவே வேண்டாம். "நம்ம வம்சத்துலயே இல்லாத கிறுக்கு இவளுக்கு எங்கேர்ந்து ஒட்டிச்சோ" என்பான் அண்ணன். கேலிதான், ஆனாலும் சுருக்கென்று தைக்கும்.

சுவருக்கு வர்ணம் அடிக்கப் பழைய அலமாரியை நகர்த்தினார்கள். அதன் முன்கால்களுக்கு அடியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. தூசி தட்டிப் பெயரைப் பார்த்தாள். ஒன்றை எழுதியவர் அப்பாவின் சித்தப்பா. இன்னொன்றை எழுதியது அவருடைய அக்கா, அப்பாவுக்கு அத்தை. இருவரும் அவளுக்குச் சுவரில் தொங்கும் போட்டோவாக மட்டுமே பழக்கம்.

"அண்ணே, இங்க பாரேன், நம்ம ஆளுங்க எழுதினது!"

"அதுவா? அலமாரி ஆடாம இருக்க அப்பா வச்சாரு. எடுத்துட்டேன்னா வேற கட்டையத் தேடு."

அந்தக் காலத்துப் புத்தகங்கள். தாள்கள் ஓரம் வெட்டாமல் மடிந்தபடியே வரும், வாங்கியவர்தான் கத்தி வைத்துப் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டிலும் ஒரு தாள்கூடப் பிரிக்கப்படவில்லை. அத்தையின் புத்தகத்து முதல் பக்கத்தில் மையால் எழுதியிருந்தது: "தம்பி, படித்துவிட்டுச் சொல்." எழுதத் தெரிந்த தம்பிக்கே படிக்க மனசு வரவில்லை. சொந்தத்தில் துணை கிடைத்ததற்குச் சிரிப்பதா, அந்தத் துணையும் தன்னைப் போலவே கேட்பாரற்றுக் கிடந்ததற்கு அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

படித்து முடித்த கையோடு, அட்டையில் தன்னுடைய கடைசி வரியை எடுத்துவிட்டு அத்தையின் முதல் வரியை ஒட்டினாள்.

ஒரு லாரி டிரைவர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். "அவன் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, கதவுதான் இல்லை." கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, கதவ யாரு கொண்டு போனது?"

எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி, வந்தது என்னவோ அத்தைக்கு. பதில் சொல்ல வேண்டியவள் போட்டோவில் இருக்கிறாள்.

"உக்காருங்க, சொல்றேன்" என்றாள்.