டப்பாவில் உறைந்த நெய்

என் மருமகளின் பத்தியச் சாப்பாட்டில், அவளுக்குத் தெரியாமல், ஐந்து மாதம் நெய் கலந்தேன். கை தவறி அல்ல. தெரிந்தே கலந்தேன்.

அப்பாடா... சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. எனக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். நேரம் ஆகும். நீங்களும் நிதானமாகவே படியுங்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு வாக்கப்பட்டுக் கல்கத்தா வந்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் மகன் சேகரோடும் மருமகள் மிட்டுவோடும் இருக்கிறேன். மிட்டு வங்காளிப் பெண். என்னை ‘மா’ என்று கூப்பிடுவாள். அவள் பேசும் தமிழ் என் அடுப்படியில் கற்றது.

படிப்பில்லாத எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு பெயர் உண்டு. கைமணம். நான் ரசத்துக்குத் தாளித்தால் மாடி வீட்டு ஜன்னல் திறக்கும். என் வங்காளத்தைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. சாப்பிட்ட வாய் எப்படிச் சிரிக்கும்? அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு ஆவணி மாதம் மிட்டு டாக்டரிடம் போய்விட்டு முகம் வெளிறி வந்தாள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். சர்க்கரை வரப் பார்க்கிறதாம். சாப்பாட்டை மாற்று, தினமும் நட, எடை குறைந்தால் மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் பார்ப்போம் என்றாராம்.

இது அழகுக்காக இளைக்கிற கதை இல்லை. அவளுடைய அம்மா சர்க்கரையில் ஒரு காலை இழந்தவர். மாத்திரையில் ஆரம்பித்து ஊசிக்குப் போய்க் கடைசியில் கத்தியில் முடிந்ததைக் கூடவே இருந்து பார்த்தவள் மிட்டு. அந்த முதல் மாத்திரைக்குத்தான் அவள் அப்படிப் பயந்தாள்.

ஃப்ரிட்ஜில் ஒரு காகிதம் ஒட்டினாள். இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னாள். தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. மிச்சக் கால் பங்குதான் சோறு, அதுவும் வரகோ சாமையோ. எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சின்ன ஸ்பூனால் மூன்று.

“மா, வெளியில ஒண்ணும் சாப்பிடமாட்டேன். நீங்க செய்யறதுதான். உங்களை நம்பித்தான் இருக்கேன்” என்றாள்.

முதல் வாரம் காகிதம் சொன்னபடியே செய்தேன். சத்தியமாகச் செய்தேன். ஆனால் ஆபீசிலிருந்து டப்பா பாதி சாப்பாட்டோடு திரும்பி வந்தது. “வயிறு நெறைஞ்சிடுச்சு மா” என்றாள். நான்கு நாள் வயிறு நிறைந்தது அவளுக்கு. ஐந்தாம் நாள் சேகர் அந்த வரகுப் பொங்கலை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தான்.

“என்னம்மா இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு?”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, வெந்த வரகு ஆவி பறக்கும்போதே பெரிய ஸ்பூனால் இரண்டு நெய் விட்டுக் கிளறினேன். வரகு எவ்வளவு விட்டாலும் குடித்துவிடும், வெளியே தெரியாது. மிளகு, சீரகம், இஞ்சியைத் தூக்கலாகப் போட்டால் வாசனையும் அமுங்கிவிடும். அன்று டப்பா காலியாக வந்தது.

“எண்ணெயே இல்லாம எப்படி மா இவ்வளவு ருசி?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கைப்பக்குவம்” என்றேன்.

இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஆனால் அன்று எனக்குக் கூசவில்லை. பெருமையாக இருந்தது. காலையில் இரண்டு ஸ்பூன், ராத்திரி சாப்பாட்டில் இரண்டு, கூட்டில் முந்திரி விழுது... வளர்ந்துகொண்டே போயிற்று. இரண்டு சொட்டு நெய் யாரைக் கொன்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொட்டா அது?

மிட்டு தினமும் விடிந்ததும் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை மெஷினில் ஏறுவாள். முள் அசையாது. ஒரு ஞாயிறு கொஞ்சம் கூடவே காட்டியது. இறங்காமல் அதன் மேலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

“நான் என்ன தப்பு பண்றேன் மா?”

“உடம்பு வாகு அப்படி” என்றேன்.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சாப்பாட்டு மேஜையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டாமா நான்? நிறுத்தவில்லை. திடீரென்று ருசி குறைந்தால் கேள்வி வருமே...

இனிமேல் சொல்லப் போவதுதான் பெரிய பாவம். நெய் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிறு, மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு சேகர் கேட்டான். “உண்மையைச் சொல்லு. ஆபீஸ் பக்கத்து மிட்டாய்க்கடையில சந்தேஷ் வாங்கி ஒளிச்சுச் சாப்பிடறியா?”

“ஒண்ணு கூட இல்லை. மாவைக் கேளு. நான் என்ன சாப்பிடறேன்னு அவங்களுக்குத் தெரியும்.”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்.

“வீட்டுல என்னன்னு எனக்குத் தெரியும். வெளியில நான் கூடவா போறேன்?”

அவ்வளவுதான் சொன்னேன். ஒரு திருட்டுப் பட்டத்தை அவள் தலையில் கட்ட எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மூன்று வாரம் சேகர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ராத்திரி சாப்பாட்டை விட்டாள். பிறகு மத்தியானத்தையும் குறைத்தாள். டப்பா காலியாக வந்தது. கூட வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறாள் என்று பின்னால்தான் தெரிந்தது.

தை மாதக் குளிரில் ஒரு நாள், டாலிகஞ்ச் மெட்ரோ படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் உட்காரவைத்து, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

உள்ளே வந்ததும் பையிலிருந்து டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். “சாரி மா. இன்னிக்கு உங்க சாப்பாட்டைத் தொடக்கூட இல்லை. வீணாக்கிட்டேன்.”

மன்னிப்புக் கேட்டது அவள்...

அடுப்படிக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். பொங்கலின் மேலே, ஓரமெல்லாம், வெள்ளை வெள்ளையாக நெய் உறைந்து கிடந்தது. ஆபீசில் தினமும் சூடு பண்ணித்தான் சாப்பிடுவாள், அதனால் அவள் இதைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்தேன். ஒரு பெண்ணின் ஐந்து மாத நடையையும் பட்டினியையும் தின்றது என் கண் முன்னால் கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

உடனே போய் அவள் காலில் விழுந்தேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. யாரும் வருவதற்குள் குப்பையில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினேன்.

அன்றோடு நெய் நின்றது. அதற்கப்புறம்தான் நான் உண்மையில் சமைக்கக் கற்றுக்கொண்டேன். பருப்பை வெறும் வாணலியில் சிவக்க வறுத்தால் பாதி ருசி அதிலேயே வந்துவிடுகிறது. கீரைக்குப் பூண்டு. புடலங்காய்க்குத் தேங்காய் வேண்டாம், கடுகை அரைத்து விட்டால் போதும். இந்த ஊர்க் கந்தராஜ் எலுமிச்சையை ரசத்தை இறக்கியதும் ஒரு கீற்றுப் பிழிந்தால் வீடு முழுக்க மணக்கிறது. முதல் நாளே இதையெல்லாம் செய்திருக்கலாம். கை இருந்தது. மனசுதான் இல்லை.

அந்த மயக்கத்துக்குப் பிறகு அவள் பட்டினியும் போயிற்று. மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டாள், நடந்தாள். முள் இறங்க ஆரம்பித்தது. துர்கா பூஜைக்குள் அவளுடைய பழைய ரவிக்கைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன.

அஷ்டமி அன்று பந்தலில் தெருப் பெண்களெல்லாம் அவளைச் சூழ்ந்துகொண்டு, எப்படி இளைத்தாய் என்று துளைத்தார்கள். மிட்டு என் தோளில் கை போட்டு, “ஷொப் மாயேர் ஹாத்” என்றாள். எல்லாம் அம்மாவின் கை. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். ஒருத்தி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பூஜை முடிந்த மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டுக் கூப்பிட்டேன். “மிட்டு, பொங்கல்ல நான் நெய் போட்டேன்.”

“இன்னிக்கா?”

“முன்னாடி. நீ மயங்கி விழுந்த வரைக்கும். தினமும்.”

கையில் எடுத்த டப்பாவைத் திரும்ப மேடையில் வைத்தாள்.

“சேகர் என்னைக் கேட்டப்போ... உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அவள் அழவில்லை. கத்தவில்லை. சுத்தமாக இருந்த கையை மறுபடி கழுவினாள். “அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் ஒளிச்சுச் சாப்பிடலைன்னு. என் முன்னாடி.”

சாயங்காலம் சொன்னேன். “ஏம்மா?” என்றான் சேகர். நீ ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றாயே என்று அவன் தலையில் போட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். “என் பேர் கெட்டுடும்னு” என்றேன். அவன் மிட்டுவின் பக்கம் திரும்பினான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அதற்கப்புறம் அவர்கள் பேசியது அவர்களுடையது.

அன்று நன்றாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. தொண்டையில் மாட்டியிருந்த முள் வெளியே வந்த மாதிரி இருந்தது.

அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாத்திரை இன்னும் இருக்கிறது, ராத்திரிக்கு ஒன்று. எப்படியும் வந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். வராமலும் போயிருக்கலாமே... அதை எந்த டாக்டரைக் கேட்பது?

இப்போதும் நான்தான் சமைக்கிறேன். ‘மா’ என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் காலையில் டப்பாவைக் கொடுத்ததும் மூடியைத் திறக்கிறாள். குனிந்து ஒரு தடவை முகர்ந்து பார்க்கிறாள். மூடிப் பையில் வைத்துக்கொண்டு, “வரேன் மா” என்று கிளம்புகிறாள். ஒரு நாள் தவறியதில்லை.

முன்பெல்லாம் என் சமையலை முகர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இவள் கண்ணைத் திறந்துகொண்டு முகர்கிறாள். அவள் முகர்ந்து முடிக்கிற வரைக்கும் நான் வாசலில் நிற்கிறேன். பயமில்லாமல்தான் நிற்கிறேன். இருந்தாலும், அந்த மூடி திரும்ப மூடுகிற வரைக்கும் நிற்கிறேன்.