பெரிய எழுத்துக்குப் படைத்த சோறு

கள்ளக்குறிச்சியைப் பார்த்தபடி நிற்கும் அந்தக் குன்றை நினைத்தால், உச்சியில் இருக்கும் போர் நினைவுத்தூணுக்கு முன்பே மூத்திர நாற்றம்தான் எனக்கு நினைவு வரும். போரில் இறந்த என் மாமாவின் உடல் ஊர் வந்து சேரவில்லை. புதைத்த இடம் என்று ஒன்று இல்லாததால், அவர் பெயரை வெட்டியிருக்கும் அந்தத் தூணுக்குத்தான் அம்மா ஆண்டுதோறும் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறிப் போய், தூக்குவாளியில் கொண்டுபோன சாமைச்சோற்றைப் ‘படையல்’ போடுவாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என்னையும் கூட்டிப்போனாள். தூணின் முன்பக்கத்தில் பொன்வண்ணம் பூசிய பெரிய எழுத்துகளுக்கு நேராக இலை போட்டுச் சோறு வைத்து, அந்த எழுத்துகளைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“மாமா பேரப் படிடி, காதால கேக்கணும்” என்றாள்.

கர்வத்தோடு உரக்கப் படித்தேன். அது தூணைத் திறந்துவைத்த பிரமுகரின் பெயர்.

“இவரு எந்தச் சண்டையில செத்தாரு?”

“சாவலம்மா. தொறந்துவச்சவரு.”

பெரிதாக எழுதியிருப்பது செத்தவர் பெயராகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தவள், இலையையே பார்த்தாள். “உசுரோட இருக்கறவனுக்கா இத்தினி வருசமா சோறு படைச்சிக்கினு இருந்தேன்?”

மாமாவின் பெயர் தூணின் பின்பக்கம், தரையை ஒட்டி, விரல்நக அளவு எழுத்தில் இருந்தது. அதன்மேல் முதுகைச் சாய்த்துச் சிலர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கல் மூத்திரத்தில் ஊறிப் பாசி பிடித்திருந்தது.

“எழுந்திருங்க. எங்கண்ணன் சாப்புடணும்.”

“உங்கண்ணனுக்கும் ஒரு டம்ளர் ஊத்தட்டாம்மா?” என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் கல்லின்மேல் ஊற்றிக் கையாலேயே தேய்த்தாள். நாற்றத் தண்ணீர் வேட்டியை நனைக்கவும் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். முந்தானையால் கல்லைத் துடைத்து, இலையைத் தூக்கிவந்து அங்கே வைத்தாள். “இப்பப் படி” என்றாள்.

அம்மாவுக்கு இப்போது முட்டிவலி, குன்றேற முடியாது. வேலைக்குப் போய் நாலு பேர் மதிக்க இருக்கும் நான், இந்த ஆண்டு என் கையால் படைக்கப் போனேன். முன்பக்கம் பளபளக்கும் கிரானைட்டில், திறந்தவர் பெயருக்குக் கீழே புதுப்பித்தவர் பெயரும் ஏறியிருக்கிறது. பின்பக்கத்தைப் புதுப்பிக்க யாருக்கும் தோன்றவில்லை. யாரோ ஆணியால் காதலியின் பெயரைக் கீறியதில் மாமா பெயரின் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் அதே நாற்றம்.

புறப்படும்போதே அம்மா சொல்லித்தான் அனுப்பினாள்: “சோறு கம்மியா இருந்தாக்கூடப் பரவால்ல, தண்ணி ஜாஸ்தியா எடுத்துக்கினு போ.”

இரண்டு கேன் கொண்டுபோனேன். போதவில்லை.