தண்ணீரைத் திருப்பும் நேரம்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நாலாயிரம் அடி உயரத்தில், கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. புத்தி உள்ளவன் யாரும் இதைச் செய்ய மாட்டான். கொழும்பிலிருந்து உப்புப் பொடி வரவழைத்து, மலைத் தண்ணீரில் கரைத்து, குளிருக்கு ஹீட்டர் போட்டு, மூன்றடிக் கண்ணாடிக்குள் ஒரு கடலைச் செய்து குவார்ட்டர்ஸ் ஹாலில் வைத்தேன். இரண்டு மீன், கொஞ்சம் பாறை, நடுவில் காளான் குடை போல உயிருள்ள ஒரு மென்பவளம்.

எல்லாம் என் மனைவிக்காக. அவள் பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்தவள். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான டீச்சராக வந்து, ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டித் தூளாக்கும் டீமேக்கராக இருக்கும் என்னைக் கட்டிக்கொண்டு, பதினெட்டு வருடமாகத் துணி காயாத இந்த மழையோடு மல்லுக்கட்டுகிறாள். வருடா வருடம் ஊருக்கு இடமாற்றம் கேட்கும் படிவத்தைப் பாதி நிரப்பி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவாள். போன வருடம் முழுதாக நிரப்பி அனுப்பிவிட்டாள். "கடலைக் காணாமல் எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். கிடைத்தால் போய்விடுவாள். எனக்கு ஓய்வுபெற இன்னும் ஆறு வருடம் இருந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தொட்டி வாங்கினேன்.

மூன்றாம் மாதம் பவளம் மூடிக்கொண்டது. குடையின் மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது. ஆறிய பாலில் ஆடை படிவது போல மேலே ஒரு மெழுகுத் தோல் படிந்தது. பாறைக்குப் பின்னால் கருஞ்சிவப்பாக ஒரு வழுக்கல் பரவியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் தொட்டி முன்னால் நின்று பார்ப்பாள். அவள் ஏதாவது சொல்லித் திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

டீமேக்கருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கொழுந்து சரியாக வாடவில்லை என்றால் ஃபேனைக் கூட்டு. தொட்டியின் இடது பக்கத்தில் தண்ணீரைத் தள்ள ஒரு சின்ன பம்ப் இருந்தது. அதைத் தூக்கிவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கி, நேரே பவளத்தின் முகத்துக்குத் திருப்பி வைத்தேன். பவளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. மீன் இரண்டும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. தோல் அப்படியே இருந்தது.

அடுத்துச் செய்ததுதான் மகா முட்டாள்தனம். ஃபேக்டரியில் காற்று எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்க நாங்கள் தேயிலைப் பிசிறை ஒரு சிட்டிகை ஊதிவிடுவோம். பிசிறு தங்கும் இடத்தில் காற்று செத்திருக்கிறது என்று அர்த்தம். கைப்பழக்கம் யாரை விட்டது? ஒரு சிட்டிகை போதவில்லை என்று, ஒரு பிடித் தேயிலைத் தூளை அள்ளித் தொட்டிக்குள் தூவினேன். பலன் உடனே தெரிந்தது. தூள் முன்பக்கம் பறந்து, வலது மூலையில் மோதி, பாறைக்குப் பின்னால் போய் அப்படியே நின்றது. வழுக்கல் பரவியதும் அதே இடத்தில்தான்.

நான் அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது அவள் உள்ளே வந்தாள். தண்ணீர் அதற்குள் பால் விடாத நல்ல பிளேன்டி நிறத்துக்கு வந்திருந்தது.

"என்னப்பா இது, மீனுக்குத் தேத்தண்ணி வார்க்கிறியளோ?"

"இல்ல, தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்தேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை எடுத்தாள். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாகக் கரைத்து ஊற்ற எங்கள் ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. கடைசி வாளியை ஊற்றும்போது சொன்னாள்:

"கடல் ஒரு பக்கத்தால மட்டும் அடிக்காது. வரும், பிறகு திரும்பிப் போகும். நீங்கள் ஒரே பக்கமா அடிச்சா அது என்ன செய்யும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொழுந்து வாட்டும்போது முதலில் கீழிருந்து காற்று விட்டு, பாதியில் ஃபேனைத் திருப்பி மேலிருந்து விடுவதுதான் என் தொழிலே. ஒரு பக்கமே அடித்தால் மறுபக்கம் ஈரம் தங்கும். இருபத்தைந்து வருடமாகத் தினமும் செய்வதை என் வீட்டில் செய்யத் தோன்றவில்லை.

பாறையைப் பின்கண்ணாடியிலிருந்து ஒரு கையளவு முன்னால் நகர்த்தினோம். பெரிய பம்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன பம்ப் வைத்தோம். எதையும் பவளத்துக்கு நேரே காட்டவில்லை. முன்கண்ணாடியின் மேல்பகுதியில் மோதி உடைந்து பரவட்டும் என்று சாய்த்து வைத்தோம். இரண்டையும் ஒன்றாக ஓட்டினால் நடுவில் தண்ணீர் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது. எனவே ஒரு நேரத்துக்கு ஒன்று. காலை ஆறு மணிக்கு ஃபேக்டரிக்குப் போகுமுன் நான் ப்ளக்கை மாற்றுவேன். பகல் இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மாற்றுவாள். படுக்கப் போகும்போது யாராவது ஒருவர்.

ஒன்பதாம் நாள் அந்த மெழுகுத் தோல் ஓரத்தில் கழன்று, ஒரு கந்தலாக மிதந்து போனது. மறுநாள் விரல்கள் வெளியே வந்தன. தண்ணீர் மாறும்போதெல்லாம் அவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தை ஃபேக்டரியில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் எனக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்பார்கள்.

இடமாற்றக் கடிதம் அதற்கு அடுத்த மாதம் வந்தது. கேட்ட இடமே கிடைத்திருந்தது. அன்று பள்ளிக்கூட விடுமுறை, எனக்கும் லீவு. அவள் மேசையில் உட்கார்ந்து அதை இரண்டு தரம் படித்தாள். நான் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சுவர்க் கடிகாரம் இரண்டைக் காட்டியது. அவள் எழுந்து போய் இடது ப்ளக்கைக் கழற்றி வலதைச் செருகினாள். பவளம் மெதுவாக மறுபக்கம் சாயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் போனா ரெண்டு மணிக்கு இதை ஆர் மாத்துறது?" என்றாள்.

"யாரும் இல்லதான்" என்றேன்.

கடிதம் லாச்சிக்குள் போனது. நேரம் வைத்தால் தானாகவே மாற்றிவிடும் டைமர் ஹட்டன் பஜாரில் எல்லா எலெக்ட்ரிக் கடையிலும் தொங்குகிறது. அது எனக்குத் தெரியும். விஞ்ஞான டீச்சர், அவளுக்கும் தெரியும். இன்றுவரை இரண்டு பேரும் வாங்கவில்லை.