மருந்து பாட்டிலில் விட்ட வேர்

ஒவ்வோர் ஆண்டும் பதினோராம் வகுப்புக்குச் செல் சுழற்சி நடத்தும்போது என் குரல் ஓரிடத்தில் தடுமாறும். தன் டி.என்.ஏ. உடைந்திருப்பது தெரிந்தால் செல் பிரியாமல் நின்றுவிடும். பழுதைச் சரிசெய்த பிறகுதான் இரண்டாகும். சரிசெய்ய முடியாவிட்டால் பெரும்பாலும் தானே செத்துப்போகும். இதைச் சொல்லிவிட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது.

புதுக்கோட்டையில் நான் பி.எஸ்சி. கடைசி வருஷம் படித்தபோது, செய்முறைத் தேர்வுக்கு வேர்விட்ட பல்லாரி வெங்காயத்தை அவரவரே கொண்டுவர வேண்டும். வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி, பிரிகிற செல்களை மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். கட்டுமாவடியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த என் தோழி, தேர்வுக்கு முதல் நாள் கலங்கிப்போய் வந்தாள்.

"என் வெங்காயம் அழுகிப்போச்சுடி. ஒன்கிட்ட இருந்தா ஒண்ணு கொண்டாடி."

எங்கள் வீடு திருவரங்குளம் பக்கம். இரண்டு வெங்காயம் வைத்திருந்தேன். ஒன்று டம்ளரில். இன்னொன்று, அப்பா கத்தரிக்கு அடித்த பூச்சிமருந்தின் காலி பாட்டிலில். அதன் வாய் வெங்காயத்துக்கு அளவாக இருந்தது. மூன்று தடவை கழுவினால் போதும் என்று நினைத்த அறிவாளி நான். அதில் வேர் குட்டையாக நின்றுபோயிருந்தது. எதை எனக்கு வைத்துக்கொண்டேன் என்று கேட்கவே வேண்டாம்.

தேர்வில், அவள் வேரில் பிரிகிற செல் ஒன்றுகூட இல்லை. மூன்று ஸ்லைடு போட்டுப் பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் குனிந்து பார்த்தார்.

"மூணு வருஷமா என்னம்மா படிச்சீங்க? ஒரு ஸ்லைடு போடத் தெரியலையா?"

"சரியாத்தாங்க சார் போட்டேன். எல்லாச் செல்லும் அப்படியே நிக்குதுங்க சார்."

அவள் சொன்னது உண்மை. மருந்து தின்ற வேரில் செல்கள் பிரியாமல் நின்றிருந்தன. அந்தப் பாடத்தை முந்தின மாதம்தான் நாங்கள் படித்திருந்தோம். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் என் மார்க்கும் போய்விடுமோ என்று பயம். குனிந்து என் ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

அவள் பெயில். அரியர் என்றதும், திருச்சியில் எம்.எஸ்சி. சேர்க்கும் பேச்சு அவள் வீட்டில் அடங்கிவிட்டது. தை மாதம் கல்யாணம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள், அந்தக் கல்யாணத்துக்கும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன்.

போன வருஷம் கீரனூர் பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் கிடைத்தது. பிள்ளைகளைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசினோம். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. பாட்டில் விஷயத்தைச் சொல்லி, "மன்னிச்சிருடி" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"அன்னிக்கே தெரியும்டி," என்றாள். "வெங்காயத்தைக் கையில வாங்குறப்பவே மருந்து வாடை அடிச்சுச்சு. நீ குடுத்ததாச்சேன்னு வாங்கிக்கிட்டேன்."

"அப்பறம் ஏன்டி சார்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா சாக்குச் சொல்றேன்னு சொல்லுவாரு. நீ சொல்லுவேன்னுதான் ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்."