நான்காவது பாட்டில்

ஒயின் வேறு, குடி வேறு என்று போனில் எனக்குப் பாடம் எடுத்தவள், இந்த மலையாள தேசத்தில் முப்பது வருஷம் ஒரே சர்க்கார் ஆபீஸில் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த சிநேகிதி. அவளுக்கு அறுபது வயது பூர்த்தியானது. நட்சத்திரப்படி வந்த பிறந்தநாளை அர்ச்சனை, பாயசம் என்று ஒழுங்காகத்தான் கொண்டாடினாள். ஒன்பது நாள் கழித்து இங்கிலீஷ் தேதிப்படி இன்னொன்று வந்தது. அதற்காகவே பிரான்ஸில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்திருந்தாள். வரும்போது நாலு பாட்டில் பிரெஞ்சு ஒயினை, அம்மாவுக்கு வாங்கிய நைட்டிகளில் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எல்லோருமாக ருசி பார்க்கப் போகிறோம், வந்துவிடு என்றாள் சிநேகிதி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இன்னொருத்தியையும் அழைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும் சிரிப்பு போய் எரிச்சல் வந்தது.

அந்த இன்னொருத்தி எங்கள் செக்‌ஷனில் மூன்றாவது மேசைக்காரி. ஆரியசாலைக் கடைவீதியில் வெல்ல மண்டி வைத்திருந்த நாஞ்சில்நாட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தார். பதினோரு வருஷம் ஆகிறது. நல்ல மனுஷர் என்று எல்லோரும் சொல்வார்கள், குடிக்காத நேரத்தில் என்று சேர்த்துக்கொள்வார்கள். மத்தியானமே ஆரம்பித்துவிடுவார். வீட்டுக்குக் கிளம்புமுன் பக்கத்துக் கடையிலிருந்து நாலு கிராம்பை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டு வருவார், நாற்றம் தெரியக்கூடாதாம். கிராம்பும் சாராயமும் சேர்ந்து அடிக்கிற வாடை வெறும் சாராயத்தைவிடத் தூரம் போகும் என்பது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியவில்லை. ஒருநாள் அவளை அழைத்துப்போக ஆபீஸுக்கே வந்து நின்றார். செக்‌ஷன் முழுக்க அந்த வாடை. ஒருவன் எல்லோரும் பார்க்கக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். அவள் தலையைத் தூக்காமல் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

அவர் போன பிறகு அவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான். அவள் உள்ளே வந்தால் குடியைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று செக்‌ஷனில் சட்டம் போட்டேன். ஆபீஸ் விருந்தில் புலாவ் வந்தால் அவள் தட்டில் கிடக்கும் கிராம்பை நானே பொறுக்கி எடுத்துவிடுவேன். டிசம்பர் தோறும் பிறந்தநாள்காரியின் பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து கிறிஸ்துமஸ் ஒயின் வரும், கிராம்பும் பட்டையும் போட்டுப் பரணி ஜாடியில் ஊறவைத்தது. அதை அவள் கண்ணில் காட்டிவிடாதே என்று வருஷா வருஷம் எச்சரிப்பேன். அவள் புருஷன் பேரைக்கூட நாங்கள் எடுப்பதில்லை. இதையெல்லாம் நான் பெருமையாகவே செய்துவந்தேன்.

அதனால்தான் போனில் அந்தச் சண்டை. ஒன்று ஒயினை நிறுத்து, இல்லையென்றால் அவளைக் கூப்பிடாதே என்றேன். பிறந்தநாள்காரி திருநெல்வேலிக்காரி, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். "ஏட்டி, கிறிஸ்துமஸுக்கு ஊரே குடிக்குது, அது குடியா? திராட்சைச் சாறுல்லா அது," என்றாள். அறுபதாவது பிறந்தநாளுக்கு அவளை விளிக்காமல் இருந்தால் நாளைக்கு அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கடைசியில், போய்க் காவல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எனக்கு ஆகிவிட்டது.

காவல்காரி அரைமணி முன்னதாகவே போனால், காக்கப்பட வேண்டியவள் எனக்கும் முன்னால் வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பட்டுப்புடவை வேறு. எதிரே டீப்பாயில் மூன்று பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் என்னென்ன வாசனை வரும் என்று பிறந்தநாள்காரியின் மகள் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள், மலையாளத்தில். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பெண், தமிழ் பேசுவாள், எழுத வராது. முதல் காகிதத்தில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள். இரண்டாவதில் வெண்ணெய். மூன்றாவதில் ஸ்ட்ராபெரி. நான்காவது காகிதம் மட்டும் பாட்டில் இல்லாமல் தனியாகக் கிடந்தது. அதில் ப்ளம் பழம், தோல், கிராம்பு என்று எழுதியிருந்தது.

எனக்குத் திக்கென்றது. சும்மா கிடந்த நேந்திரங்காய் வறுவல் தட்டை நகர்த்தி அந்தக் காகிதத்தின் மேல் வைத்தேன். சோபாவில் இருந்தவள் அதைப் படித்துவிட்டாளா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்காவது பாட்டில் எங்கே என்று மெதுவாக விசாரித்தேன். அதுதான் இருப்பதிலேயே உயர்ந்தது, மூச்சு விட இரண்டு மணி நேரம் திறந்து வைக்க வேண்டும், சமையலறையில் இருக்கிறது என்றாள் மகள். மூச்சு விடுகிறதாம். அந்த வீட்டில் அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டது அந்தப் பாட்டில் ஒன்றுதான்.

நாலு மணிக்குப் பாடம் ஆரம்பித்தது. கண்ணாடிக் கோப்பையை அடியில் பிடிக்க வேண்டும், சுழற்ற வேண்டும், மூக்கை உள்ளே விட வேண்டும், பிறகு ஒரு வாய். நான் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் வளர்ந்தவள், அறுபது வருஷமாக எதையும் எச்சில் படாமல் அண்ணாந்து குடித்தே பழக்கம். இதற்காக வாய் வைத்துக் குடிக்கிற ஆள் இல்லை நான் என்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். காப்பி டம்ளருக்கு இருக்கும் விளிம்பு அந்தக் கோப்பைக்கு இல்லை. பாதி மூக்கில் ஏறியது, மீதி ரவிக்கையில். மகள் டிஷ்யூ எடுத்துக் கொடுத்து, "மாமி, இது தீர்த்தம் இல்ல," என்றாள். வேறு நாளாக இருந்தால் அதற்குச் சிரித்திருப்பேன், அன்றைக்கு முடியவில்லை.

பிறந்தநாள்காரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கெட்டுப்போய்விட்டது, புளிக்கிறது, ப்ளேனில் சூடு பட்டிருக்கும் என்று தீர்ப்புச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஒயின் பக்கத்து ஃப்ளாட் ஒயின்தான். அது இனிக்கும், இது இனிக்கவில்லை, எனவே இது கெட்டது. இது இப்படித்தான் இருக்கும் என்று மகள் சொல்லச் சொல்ல, இரண்டாவது ஒயினில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். மூன்றாவதுக்கு ஐஸ் கட்டியும் சேர்ந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் முணுமுணுத்தது மகள் காதில் விழுந்து, அவள் பாவம், தன் அம்மாவைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

என் கண்ணெல்லாம் ஆரியசாலைக்காரி மேல். அவள் ஒருத்திதான் சொன்னபடி செய்தாள். கோப்பையைச் சுழற்றினாள், மூக்கை உள்ளே விட்டாள், கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தாள். நாக்கில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு, "கொள்ளாம்," என்று ஒப்புக்குப் பாராட்டிவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். மூன்று ஒயினுக்கும் அதேதான். நடுவில் இரண்டு தடவை மகளிடம், நாலாவது எப்போ என்று கேட்டாள். முடித்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்று தவிக்கிறாள் என நினைத்துக்கொண்டேன். சபையில் எழுந்து போக அவளுக்கு மனம் துணியாது. முப்பது வருஷமாகத் தெரியும்.

வடை போட்டு எடுக்க ஒரு இடைவேளை விட்டார்கள். பிறந்தநாள்காரி அரைத்த மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ருசி பார்த்துக்கொண்டே போனில் யாருடைய வாழ்த்தையோ வாங்க பால்கனிக்குப் போனாள். மகள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்குள் போனேன். மிக்ஸிக்குப் பக்கத்தில் அது நின்றது, மூடி இல்லாமல். குனிந்து முகர்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து மெதுவாக ஏறி வந்தது, கிராம்பு. கிராம்பும் அதற்கு அடியில் குடியும். செக்‌ஷனில் அவர் வந்து நின்ற நாள் அப்படியே எதிரே வந்தது.

யோசிக்கவேயில்லை. பாட்டிலைத் தலைகீழாக ஸிங்கில் கவிழ்த்தேன். குழாயைத் திறந்துவிட்டேன். வாடை நிற்கக்கூடாது என்று பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு ஸிங்கைத் தேய்த்தேன். பாட்டிலுக்குள்ளும் சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு தடவை அலசினேன். எந்தக் காரியத்தையும் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

மகள் வந்து பார்த்தபோது பாட்டில் ஈரமாகக் கவிழ்ந்திருந்தது. பல்லி விழுந்துவிட்டது, கொட்டிவிட்டேன் என்றேன். அந்தக் கழுத்துக்குள் பல்லி எப்படி நுழைந்தது என்று கேட்டாள். சின்னப் பல்லி என்றேன். பல்லி எங்கே என்றாள். அதையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன் என்றேன். பால்கனியிலிருந்து ஓடிவந்த பிறந்தநாள்காரி, பல்லி விழுந்ததைக் குடித்தால் ஆள் தப்பாது, கொட்டினதுதான் சரி, திறந்து வைக்காதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்று மகளைப் பிடித்துக்கொண்டாள். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்த மாதிரிதான் கொண்டுவந்தேன் என்று மட்டும் மகள் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் செய்தது நியாயம் என்றே இருந்தது.

ஆரியசாலைக்காரி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் கேக் எடுக்கப் போன பிறகு உள்ளே வந்தாள்.

"பல்லி ஒண்ணும் விழல்ல, அல்லே?"

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"வந்த உடனே அந்தக் காயிதத்தை வாசிச்சேன். அதுக்காகத்தான் இந்தப் புளிச்சதெல்லாம் குடிச்சிட்டு இருந்தேன், கேட்டியா."

எனக்குப் புரியவில்லை. அந்த வாடை பட்டால் உனக்குத் தாங்காதே என்று நினைத்துத்தான் செய்தேன் என்றேன்.

"உனக்கு அது மானக்கேடு," என்றாள். குரல் உயரவே இல்லை. "எனக்கு அப்படியில்ல. கடை அடைச்சு இந்த மனுஷன் எங்க கெடக்காரோ, எந்த வண்டியில அடிபட்டாரோன்னு தினமும் நான் உள்ள நின்னுட்டு இருப்பேன். வாசல்ல கிராம்பு மணம் வந்தா, வந்துட்டாருன்னு அர்த்தம். அப்பத்தான் எனக்கு மூச்சு விழும். இருபத்தேழு வருஷம்."

வீட்டில் டப்பா நிறையக் கிராம்பு இருக்குமே என்று ஏதோ உளறினேன்.

"அது வெறும் கிராம்பு. வாயில போட்டுப் பார்த்தாச்சு. ரெண்டும் சேரணும்லா." கவிழ்ந்திருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "அதை வாங்கிக் கலக்க எனக்குக் கை வரல்ல. தட்டுல கிடந்ததையும் நீ பொறுக்கிட்டே," என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம்தான் முதலில் வந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பிறகு யோசித்தால் யாரிடம் சொல்வாள்? அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று சட்டம் போட்டதே நான்தான். அவர் பேரை எடுக்கக்கூடாது என்றதும் நான்தான். தலையில் குட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது, என்ன பிரயோஜனம்.

அவள் பாட்டிலை எடுத்து வாயை மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். எலுமிச்சை சோப்பு வாசனைதான் வந்திருக்கும். அதைக் கீழே வைத்துவிட்டு, பட்டுப்புடவைத் தலைப்பை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸிங்கின் ஓட்டைப் பக்கம் முகம் போகுமளவுக்குக் குனிந்தாள்.

"தண்ணி விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்," என்றேன்.

"நெறையவா?"

கூடத்திலிருந்து கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அவள் நிமிரவில்லை. நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெறையத்தான் விட்டேன் என்று சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று.